பிடுங்கிய பிளக்

"அம்மா, அதைத் திறக்காத! முதல்ல நான் சொல்றதைக் கேளு!"

ஆய்வுக்கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஃப்ரீசர் மூடியில் கை வைத்திருந்த அம்மா திரும்பினாள்.

"ஏன்டி, ஸ்கூல் பையோட இங்க என்ன பண்றே?"

"வெள்ளிக்கிழமை உனக்காக இங்க காத்துக்கிட்டு இருந்தேன்ல? போன்ல சார்ஜ் இல்லைன்னு இந்த பிளக்கைப் பிடுங்கினேன். திருப்பி மாட்ட மறந்துட்டேன்மா. இன்னிக்கு கிளாஸ்ல உக்காந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு."

அம்மா குனிந்தாள். பிளக் தரையில் கிடந்தது. எடுத்து மாட்டினாள். பெட்டி உறும ஆரம்பித்தது.

உள்ளே விரல் நகம் அளவுக்கு எட்டு சிலிக்கான் சில்லுகள். அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் பெரிய கருவியில், மோதும் இடத்தை ஒட்டி வைக்கப்போகும் கண்கள். அங்கே பத்து வருஷம் படப்போகும் கதிர்வீச்சை முன்கூட்டியே பாய்ச்சி, எவ்வளவு தாங்குகின்றன என்று பார்ப்பதுதான் அம்மாவின் வேலை. பாய்ச்சிய பிறகு, அளக்கும்வரை அவை கடுங்குளிரிலேயே இருக்க வேண்டும்.

"கெட்டுப்போச்சாம்மா?"

"கெடல. சூடு பட்டா உள்ள இருக்கற காயம் கொஞ்சம் ஆறிடும். இப்ப அளந்தா ரொம்ப நல்லாத் தாங்குற மாதிரி காட்டும்."

"அப்ப நல்லதுதானே?"

"மண்டு! அதை நம்பி உள்ள வச்சுப் பூட்டிட்டா, அப்புறம் பல வருஷம் யாரும் கை வைக்க முடியாது. நடுவுல கருவியே குருடாயிடும். எத்தனை பேரோட உழைப்பு!"

"நானே உன் சார்கிட்ட சொல்லிடறேன்மா. திட்டினா திட்டட்டும்."

"நீ வாயைத் திறக்காத. நான் பார்த்துக்கறேன்."

என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

அதற்குள் அம்மாவின் மேலதிகாரியே வந்துவிட்டார். வணக்கம் சொன்னால்கூட "மைனஸ் எத்தனை?" என்று கேட்பார். அதனால் எல்லோருக்கும் அவர் மைனஸ் சார்.

"என்னம்மா, மைனஸ் எத்தனை?"

அம்மா குளிர் அளவு எழுதும் நோட்டை நீட்டினாள்.

"அடேயப்பா, சனி ஞாயிறுகூட ரெண்டு வேளையும் வந்து பார்த்து எழுதியிருக்கீங்க! உங்களை நம்பி கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடலாம்." போட்டார். "இன்னிக்கே அளந்துடுங்க."

"சரி சார்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மா வீட்டில் என்னோடு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் நோட்டை எடுத்தேன். காலை மைனஸ் இருபது, மாலை மைனஸ் இருபது. அம்மாவின் முத்து முத்தான எழுத்து. பக்கத்தைப் புரட்டினேன்.

இன்று திங்கட்கிழமை. மணி காலை பத்து. ஆனால் வரப்போகிற ஞாயிறு மாலைவரைக்கும் மைனஸ் இருபது எழுதி முடித்திருந்தாள்.

இனி என் தப்பை நான் யாரிடம் போய்ச் சொல்வது?