வியாழக்கிழமை வரைக்கும்

"நாலு மணிக்கு இந்தக் கம்பிக் கட்டுல பிளாஸ்டிக் ஊத்தி மூடிடுவோம் மேடம். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது," என்றார் மேற்பார்வையாளர் மெக்காரி.

"அதுக்குத்தானே ஓடி வந்திருக்கேன்! நிறுத்துங்க சார்," என்றாள் வெர்னா.

பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர்த் தொழிற்சாலை அது. நிலவுக்குப் போகும் கலத்தின் கம்ப்யூட்டருக்காக வெர்னா எழுதிய புரோகிராமை அங்கே பெண்கள் செப்புக் கம்பியால் பின்னிக்கொண்டிருந்தார்கள். கம்பி ஒரு காந்த வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் சைபர்.

"எதுக்கு நிறுத்தணும்?"

"இந்தக் கட்டுல வர்ற புரோகிராம்ல, ஒரு இடத்துல கூட்டச் சொல்றதுக்குப் பதிலா கழிக்கச் சொல்லிட்டேன். இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது. அப்படியே போனா, நிலாவுலேர்ந்து திரும்பி வர்றப்ப கலத்துல இருக்கற மூணு பேரும் பூமியைத் தவற விட்டுடுவாங்க."

"புரோகிராம்ல தப்புன்னா உங்க தலைவர் கையெழுத்து வேணும்."

"அவர் ஹூஸ்டன் போயிருக்கார். வியாழக்கிழமைதான் வருவார்."

"அப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? பின்றவங்க தப்புன்னா யாரையும் கேக்காம பிரிப்பேன். உங்க தப்பைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லையே."

வெர்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பின்னல் மேஜையிலிருந்து, சூயிங்கம் மென்றபடி கான்செட்டா கையைத் தூக்கினாள்.

"சார், திட்டாதீங்க. அதே கட்டுல நேத்து ஒரு கம்பியை வளையத்துக்கு வெளியில விட்டுட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? பதினோரு வருஷமா இங்க என்னத்தைக் கிழிச்சே? நிலாவுக்குப் போற சாமான்மா இது. உன் புருஷனுக்குப் பின்ற ஸ்வெட்டர் இல்ல!"

"அவருக்குப் பின்னினா இன்னும் கேவலமா இருக்கும் சார்."

மேஜை முழுக்கச் சிரிப்பு.

"சிரிக்காதீங்க! பிரி, மொத்தத்தையும் பிரி. இனிமே மறுபடி பின்னி மூட வெள்ளிக்கிழமை ஆயிடும். எல்லாம் என் தலையெழுத்து!"

வெர்னாவுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. மூன்று உயிர்கள் இந்த மாதிரிக் கைகளிலா இருக்கின்றன?

"இந்தத் தடவை உங்க அஜாக்கிரதை எனக்கு உதவிச்சு. எப்பவும் அப்படி நடக்காது. கொஞ்சம் கவனமா இருங்கம்மா," என்றாள் கான்செட்டாவிடம்.

"சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு அவள் கம்பியைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

வெர்னா காரில் ஏறும்போது மெக்காரி விடுவிடுவென்று வந்து ஒரு உறையை நீட்டினார். முகத்தில் கடுகடுப்பு இன்னும் போகவில்லை.

"அந்தக் கட்டோட காகிதம். இங்க இருந்தா யாராவது எடுத்துப் பார்ப்பாங்க. நீங்களே வெச்சுக்குங்க. வியாழக்கிழமை கையெழுத்தோட வாங்க."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வெர்னா உறையைப் பிரித்தாள். சோதனைச் சீட்டு. இன்றைய தேதி, காலை எட்டரை மணி.

'பின்னலில் பிழை ஏதும் இல்லை' என்று எழுதி, கீழே மெக்காரியே கையெழுத்துப் போட்டிருந்தார்.