மரத்துண்டின் நுனி

குரங்குக் கூட்டத்தில் அந்தஸ்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரியது வந்தால் சின்னது எழுந்து இடம் விடும். எங்கள் ஜாவாக் காட்டில் மூளிக்காதி என்ற பெண்குரங்குக்கு மட்டும் எழுந்து இடம் விட ஆளே கிடையாது. மிச்சம் மீதியைத் தின்று, வயிற்றில் பூச்சி வந்து, எந்நேரமும் பிரதோவாலி என்ற கசப்புக் கொடியை மென்றுகொண்டிருப்பாள். அவள் துப்பும் சக்கையைப் பொறுக்கிவந்து, அந்தக் கசப்பில் என்ன மருந்து இருக்கிறது என்று ஆய்வகத்தில் பிரித்துப் பார்ப்பது என் வேலை.

நான் ‘பாக்’ என்று மரியாதையாக அழைக்கும் வழிகாட்டி கர்சிமும் காய்ச்சலுக்கு அதே கொடியை மெல்ல ஆரம்பித்தார். ஒரு காலையில், விழுந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்திருந்தவரை மூளிக்காதி வந்து முறைத்தாள். கர்சிம் எழுந்து நுனிக்கு நகர்ந்தார்.

“என்ன பாக் கர்சிம், போயும் போயும் இவளுக்கா பயந்துட்டீங்க?”

“சும்மா இரு தங்கச்சி. பாவம், அவளுக்கும் கீழ ஒருத்தன் வேணும்ல?”

அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார். ஏழாம் நாள் துவா ஓதிச் சாப்பிட்ட மறுநாள் காட்டுக்குப் போனேன். மூளிக்காதி அதே மரத்தில் இருந்தாள். உடம்பு தேறி, ரோமம் பளபளத்தது. கொடியை அவள் தொடவே இல்லை. ஆனால் ஆளில்லாத நுனிக்குக் கீழே ஈரச் சக்கை கிடந்தது. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வேலை வேலைதானே.

இன்று எனக்குக் காய்ச்சல். மரத்தில் உட்கார்ந்திருந்தேன். மூளிக்காதி வந்து முறைத்தாள். எழுந்து நுனிக்கு நகர்ந்தேன்.

யாரோ அப்போதுதான் எழுந்துபோனதுபோல் அந்த இடம் சூடாக இருந்தது.