நைனாவின் நட்சத்திரம்

“இன்னாம்மா அதுக்குள்ள தெரியுது?”

தொலைநோக்கியில் கண் வைத்திருந்த அர்ச்சனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். பொழுது சாய்ந்துவிட்டதால் முகம் சரியாகத் தெரியவில்லை. புடவையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த அந்த மணல்திட்டுக்கு அர்ச்சனாவைப் படகில் கொண்டுவந்து விட்டவன் பிராங்க்ளின். “இன்னைக்குக் கல்லறைத் திருநாள் மேடம். மெழுகுவத்தி ஏத்திட்டு ஓடியாந்துடறேன்” என்று ஊருக்குள் போயிருந்தான். தூரத்தில் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுடர்கள் அசைந்தன. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் வெளிச்சம். மற்றபடி இருட்டு.

“நட்சத்திரம் பாக்கறேம்மா. அதோ தனியா மின்னுதே, அதுதான். ரொம்பச் சின்ன வயசு நட்சத்திரம். அதைச் சுத்திக் கிரகங்கள் உருவாகுதான்னு ஆராய்ச்சி பண்றேன்.”

“அட! வானத்துல கூடப் பச்சப்புள்ளைங்க இருக்குதா?” அந்தப் பெண் சிரித்தாள். “நானும் பாக்கட்டா?”

அர்ச்சனா தயங்கினாள். கிழக்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் படம் எடுத்தாக வேண்டும். ஆனாலும் ஆசையாகக் கேட்பவளிடம் எப்படி மறுப்பது? விலகி இடம் கொடுத்தாள்.

ஏரிக்காற்றின் ஈரத்தில் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனாலே மூச்சு படிந்துவிடும். அர்ச்சனா எத்தனையோ முறை துடைத்துவிட்டாள். நல்ல வேளை, அந்தப் பெண் வெகு நேரம் பார்த்தும் மங்கவில்லை.

“அதோட வெளிச்சம் இங்க வந்து சேர இருபத்தஞ்சு வருஷம் ஆகும்மா. நீங்க இப்ப பாக்கறது பழைய வெளிச்சம்.”

“அப்ப அங்கேர்ந்து ஒருத்தன் நம்ம கரையப் பாத்தா?”

“அவனுக்கும் பழசுதான் தெரியும். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி இருந்த கரை.”

“அலை வர்றதுக்கு முந்தியா?”

எந்த அலை என்று அர்ச்சனா கேட்கவில்லை. இந்தக் கரையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

“ஆமாம்மா. அங்க இன்னும் அலை வரல.”

அந்தப் பெண் தொலைநோக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அப்ப எங்க நைனா அங்க கீறானா?”

“உங்க அப்பாவா?”

“எம்புள்ளம்மா. எங்க நைனா செத்த மூணாம் மாசம் பொறந்தான். அவரே திரும்பி வந்துட்டாருன்னு நைனான்னே கூப்புடுவேன். அஞ்சு வயசு. தண்ணி வந்தப்ப தூக்கி போட்ல போட்டேன். போட்டுட்டுக் கைய உட்டுட்டேன். கெட்டியாப் புடிச்சிருக்கணும். அதுக்கப்புறம் அவன நான் பாக்கவேயில்ல. இந்தக் கரை முழுக்கத் தேடிட்டேன்.”

அர்ச்சனா அவள் தோளைத் தொடப் போனாள். சில்லென்று ஒரு காற்று விரல்களில் பட, ஏனோ கையை இழுத்துக்கொண்டாள்.

“அங்கயும் ஒரு நாள் அலை வந்துடும் இல்ல?” என்றாள் அந்தப் பெண், கண்ணை எடுக்காமலே.

மேகம் நெருங்கிவிட்டது. படம் எடுக்க இனி நேரமில்லை. போகட்டும் என்று அர்ச்சனா அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

“வந்தா வரட்டும்மா. அதுக்குப் பின்னால இன்னும் தூரத்துல ஒரு நட்சத்திரம் இருக்கு. அங்க வந்திருக்காது. அதுக்கும் பின்னால இன்னொண்ணு. அப்புறம் நட்சத்திரக் கூட்டங்கள்னு கோடிக்கணக்கான வருஷத் தூரத்துக்குப் போய்க்கிட்டே இருக்கு. ஆண்டவர் வானத்தை அவ்வளவு பெருசாப் படைச்சிருக்கார். அலையால அதையெல்லாம் முந்தவே முடியாது. ஏதோ ஒரு இடத்துலேர்ந்து பாத்தா, உங்க நைனா எப்பவும் இந்தக் கரையில விளையாடிக்கிட்டுதான் இருப்பான்.”

அந்தப் பெண் தொலைநோக்கியிலிருந்து கைகளை மெல்ல எடுத்தாள்.

“மாதா உன்னக் காப்பாத்தட்டும்மா” என்றாள் கடைசியில்.

மேகம் நட்சத்திரத்தை மூடியது. அர்ச்சனா தொலைநோக்கிக்கு உறை போட்டுத் திரும்பியபோது பக்கத்தில் யாருமில்லை.

பிராங்க்ளின் பிளாஸ்க்கோடு வந்தான். “தனியா உட்டுட்டுப் போயிட்டேன். பயந்துட்டீங்களா மேடம்?”

“துணைக்கு உங்க ஊர் அம்மா ஒருத்தங்க இருந்தாங்களே. பாவம், அலையில புள்ளையப் பறிகொடுத்தவங்க.”

“இன்னா மேடம், கதை உடறீங்க? ஊரே கல்லறையில கீது. அதுவுமில்லாம, எங்க ஊர்ல அலையில புள்ளைங்க யாரும் போகல. எவ்ளோ வயசிருக்கும் அவங்களுக்கு?”

சொல்ல வாயெடுத்த அர்ச்சனா நின்றுவிட்டாள். அந்தக் குரல் தன் குரலைவிட இளையது. அலை வந்தோ இருபது வருஷமாகிறது.

“தெரியல” என்றாள் மெல்ல. “பையனைப் போட்ல தூக்கிப் போட்டுட்டுக் கையை விட்டுட்டாங்களாம். நைனா, நைனான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

டீ ஊற்றிக்கொண்டிருந்த பிராங்க்ளினின் கை அப்படியே நின்றது. இருட்டில் கடலைப் பார்த்தான்.

“அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்ட்டது ஒரே ஒருத்தங்கதான் மேடம். அவங்களுக்குத்தான் இப்ப மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன்.”