பையோடு தூக்கியவன்

எதிரே சூப்பர் மார்க்கெட் திறந்த மறுநாளே மளிகைக்காரர் ஈ ஓட்ட ஆரம்பித்தார். அடுத்த வாரம் அதற்கும் வழியில்லை. ஈக்களும் குளுகுளு காற்று வாங்க எதிர்க்கடைக்குக் குடிபோய்விட்டன.

அங்கே கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. தெருவில் பாதிப் பேர் அந்தக் கதவு திறப்பதைப் பார்க்கப் போனார்கள். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. பக்கத்துத் தையல்காரர் பெரிய பைகளோடு வெளியே வரும்போதெல்லாம், மளிகைக்கடைப் பக்கம் திரும்பாமல் வானத்தைப் பார்த்தபடி நடந்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

இப்படியே போனால் கடையை மூடிவிட்டு மாமனாரின் மாவு மில்லில் மூட்டை தூக்க வேண்டியதுதான். மாமனார் அதற்காக இப்போதே ஒரு பழைய சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருப்பதாக மனைவி சொன்னாள்.

எதிர்க்கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘திருடிப் பிடிபடுவோரின் படம் இங்கே மாட்டப்படும்.’ பலகை காலியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் மளிகைக்காரருக்கு யோசனை பிறந்தது. பஞ்சுவுக்கு ஆள் அனுப்பினார்.

பஞ்சு ஒரு ஜேப்படிக்காரன். சட்டைப்பைக்குள் அவன் கை விழுந்தால் பஞ்சு விழுந்த மாதிரி இருக்கும் என்பார்கள். ஜனங்கள் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போனிலேயே பணம் கட்டத் தொடங்கியதிலிருந்து அவனும் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

திட்டம் எளிமையானது. பஞ்சு தினமும் உள்ளே போய், சொன்ன பொருளைத் தூக்கிவர வேண்டும். மளிகைக்காரர் அதைப் பாதி விலைக்கு விற்பார். இங்கே கூட்டம் சேரும். அங்கே நஷ்டம் தாங்காமல் மூட்டை கட்டுவார்கள்.

பஞ்சு ஒரே ஒரு நிபந்தனை போட்டான். “கூலியை முன்னாடியே குடுத்துடணும் முதலாளி. பாக்கெட் காலியா இருந்தா எனக்குக் கை ஓடாது.”

தொழில் ராசி போலிருக்கிறது என்று மளிகைக்காரர் கொடுத்தார்.

முதல் நாள் ஒரு சோப்பு கேட்டார். பஞ்சு இரண்டு கொண்டுவந்தான். ஏன் இரண்டு என்றதற்கு, “கூடவே வந்துடுச்சு முதலாளி” என்றான் அடக்கமாக.

அதற்குப் பிறகு அவன் கை நன்றாகப் பழகிவிட்டது. எதிர்க்கடையின் பெயர் போட்ட பையிலேயே, கனமானது கீழே, பிஸ்கட் மேலே என்று அழகாக அடுக்கிக் கொண்டுவந்தான். மளிகைக்காரர் பூரித்துப்போனார். “பையோட தூக்கிட்டு வர்றான்டி. அவன் கையைப் போட்டோ எடுத்து மாட்டணும்” என்றார் மனைவியிடம்.

நெய் கேட்ட அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தகராறு. நெய்யென்றால் கூலி கூட ஆகும் என்றான் பஞ்சு. சோப்புத் திருடினாலும் நெய் திருடினாலும் ஒரே ஜெயில்தானே என்று மளிகைக்காரர் நியாயம் பேசினார். நெய் அலமாரிக்கு நேர் மேலே கேமரா இருக்கிறது என்று பஞ்சு விளக்கினான். அரை லிட்டருக்கு ஒரு கூலி, ஒரு லிட்டருக்கு இரண்டு கூலி. டப்பா பெரிதாக இருந்தால் கேமராவுக்கு இன்னும் நன்றாகத் தெரியுமாம்.

அதுவும் சரியாகத்தான் பட்டது.

மளிகைக்கடையில் கூட்டம் நெரிந்தது. தையல்காரர் வானத்திலிருந்து கண்ணை இறக்கிக்கொண்டு வந்து சோப்பு வாங்கினார். ஈக்கள்கூட ஒவ்வொன்றாகத் திரும்பின.

“கூட்டம் இருக்கு. கல்லாப்பெட்டி மட்டும் ஏங்க இளைச்சுக்கிட்டே போகுது?” என்று மனைவி கேட்டாள்.

எதிரி சாயும்வரை பொறுத்துக்கொள் என்றார் மளிகைக்காரர். எதிரி சாய்கிற மாதிரி தெரியவில்லை. இன்னொரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தான். நஷ்டத்தை மறைக்கத்தான் மாடி கட்டுகிறார்கள் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் பஞ்சு திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை எதிர்க்கடை வாசலில் ஒரே கூட்டம். காலியாக இருந்த பலகையில் ஆளுயரத்துக்கு ஒரு படம். மூக்குக்கண்ணாடி போடாமலே பஞ்சுவின் தூக்கிய காதுகளை மளிகைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். படத்துக்குக் கீழே இருந்த எழுத்துக்கள்தான் எறும்பு வரிசை மாதிரி தெரிந்தன. அவை என்னவாக இருக்கும் என்று படிக்காமலே தெரிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு ஓடினார்.

“நீங்களா போய் ஒத்துக்கிட்டா பாதி தண்டனையோட விட்டுடுவாங்க” என்றாள் மனைவி, போர்வையை மடித்துக் கையில் கொடுத்து. “போறதுதான் போறீங்க, விக்காம இருக்கற அந்த நெய் டப்பாவையும் குடுத்துடுங்க.”

போர்வையும் நெய்யுமாக அவர் தெருவைக் கடந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. ஜெயில் கதவும் இப்படித்தான் திறக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே மேனேஜர் நின்றார். பக்கத்தில் பஞ்சு, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

“அவனை விட்டுடுங்க சார்” என்றார் மளிகைக்காரர். “தினம் அனுப்பினது நான்தான்.”

“தெரியும் சார். ராத்திரியே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. என்ன எடுக்கணும்னு சொன்னதுகூட நீங்கதானாமே? நானே உங்களைத் தேடி வர இருந்தேன்.”

மேனேஜர் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றினார். விலங்குதான் பாக்கி. கூட்டத்தை விலக்கி, பலகைக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

கிட்டத்தில் எழுத்துக்கள் தெளிவாகவே தெரிந்தன: ‘ஒருநாளும் தவறாமல் வந்து, ரொக்கம் கொடுத்துப் பொருள் வாங்கிய எங்கள் சிறந்த வாடிக்கையாளர்.’