ஓர் எழுத்தும் தெரியக் கூடாது

எலும்புக்கூடு அலமாரிக்குள் போக மறுத்தது. இங்க்ரிட் முழங்காலால் ஓர் இடி கொடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையை மடக்கி உள்ளே தள்ளி, கதவைப் பூட்டிய பிறகுதான் மூச்சு விட்டாள். அந்த ஆள் வருவதற்குள் இன்னும் எவ்வளவோ மறைக்க வேண்டியிருந்தது.

உலக உருண்டையின் தலையில் குளியல் துண்டைப் போட்டாள். உடல் உறுப்புப் படம், மழை எப்படிப் பெய்கிறது என்ற படம், பெருக்கல் வாய்ப்பாடு எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தாளை ஒட்டினாள். மாநிலப் பரீட்சை நாளில் ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஓர் எழுத்துகூடத் தெரியக் கூடாது. போன வருஷம் பக்கத்து அறை ஹால்வர்சன், கதவுக்குப் பின்னால் இருந்த ஒரு வரைபடத்தை மூட மறந்துவிட்டார். இப்போது அவர் ஊரில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறார்.

வேலைப் பயம் ஒரு பக்கம் என்றால், பிள்ளைகளைப் பற்றிய கவலை இன்னொரு பக்கம். வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் பாதிப் பேருக்கு ஏழாம் வாய்ப்பாடு மண்டையில் ஏறவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லியே பழகிவிட்டார்கள்.

மாநில அலுவலகத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர் வாலஸ் டெட்மர், கழுத்துவரை பொத்தான் போட்ட குளிர்கோட்டோடு வாசலில் நின்றே அறையை அளந்தார்.

"மிஸஸ் நோர்பி, அந்தக் கடிகாரத்துல என்ன அது?"

"மணி சார்."

"மணி இல்லம்மா, எண். ஒண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் வரிசையா நிக்குது. மூடுங்க."

இங்க்ரிட் நாற்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தையும் மூடினாள். பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த பெப்பர்மின்ட் மிட்டாய்களின் தாளில்கூட எழுத்து இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உரிக்க வைத்தார். வெள்ளை மனசுக்காரர்தான், ஆனால் கண் மட்டும் கழுகுக் கண்.

"என்னைக் கல்நெஞ்சுக்காரன்னு நினைச்சுக்காதீங்க. நானும் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார்தான். ரிட்டயர் ஆனப்போ என் பசங்க ஆசையாக் குடுத்த டையைத்தான் பரீட்சைன்னா இன்னைக்கும் கட்டிட்டு வர்றேன். ராசியான டை. சரி, நீங்க கடைசி வரிசைக்குப் பின்னாடி போய் நில்லுங்க. பிள்ளைங்க பக்கத்துல வரவே கூடாது. என்ன வேணும்னாலும் நான் பார்த்துக்கறேன்."

ஏப்ரல் பிறந்தும் சுப்பீரியர் ஏரிக்கரையில் பனி விடவில்லை. அதனால் பள்ளியின் ஹீட்டரும் விடாமல் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. டெட்மர் வியர்த்துப்போய்க் கோட்டைக் கழற்றி மாட்டினார். தொப்பைமேல் கருநீல டை ஒன்று, வெள்ளைப் பொடிப் புள்ளிகளோடு சாய்ந்து கிடந்தது.

கணக்குத் தாளைப் பிரித்ததும் வகுப்பு உறைந்துபோயிற்று. பென்சில்கள் வாய்க்குப் போயின. அப்தி என்ற பையன், வாய்ப்பாடு இருந்த இடத்துப் பழுப்புத் தாளையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வரிசை மார்னியின் பென்சில் உருண்டு விழுந்தது. டெட்மர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மார்னி "தேங்க்யூ சார்" என்று சொல்லவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கங்கே கைகள் எழும்பின.

"சார், என் பென்சில் முனை உடைஞ்சிடுச்சு."

"சார், ரப்பர் கீழ விழுந்துடுச்சு."

"சார், இந்த வரி மங்கலா இருக்கு. கொஞ்சம் குனிஞ்சு பாருங்களேன்!" இது அப்தி.

டெட்மர் சலிக்காமல் மேசை மேசையாகப் போய்க் குனிந்தார். ஒரு பிள்ளைகூட இங்க்ரிட் பக்கம் திரும்பவில்லை. வருஷமெல்லாம் கத்தியவள் நான், ஒட்டுதலெல்லாம் இன்றைக்கு வந்த மனுஷனோடா என்று அவளுக்குச் சுருக்கென்றது.

ஆனால் பென்சில்கள் ஓட ஆரம்பித்திருந்தன. அப்தி தாளைவிட்டுத் தலை தூக்கினால், சிரித்த முகமாகத்தான் தூக்கினான். கத்தியது வீண் போகவில்லை, கடைசியில் ஏழாம் வாய்ப்பாடு ஏறிவிட்டது! இங்க்ரிட்டுக்குக் கண் கலங்கியது.

மணி அடித்தது. டெட்மர் தாள்களைப் பெட்டியில் போட்டு முத்திரை வைத்தார். கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு அவளிடம் கைகுலுக்கினார்.

"இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்ல மிஸஸ் நோர்பி. ஒருத்தனாவது பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கணுமே? எல்லாக் கண்ணும் என் மேலதான்! சுவத்துலயும் ஒரு எழுத்து இல்ல. எந்தக் குறையும் இல்லைன்னு எழுதிட்டேன். நாளைக்கும் நானே வர்றேன்."

அவர் போனதும் இங்க்ரிட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வேலை பிழைத்தது, பிள்ளைகளும் பிழைத்தார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மார்னி வந்து அவள் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள்.

"மிஸ், நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட்டாச்சே, அந்த சாரை இந்த வாய்ப்பாடு டையை விட்டுட்டு, கிரகமெல்லாம் போட்ட டை ஏதாவது இருந்தா கட்டிட்டு வரச் சொல்றீங்களா?"