திட்டும் நேரம்

கால்பந்துப் பயிற்சியாளர் பெரிய கிளப்புக்குத் தாவி மூன்று வாரமாகியும், உள்ளூர் வானொலி அவரைத் திட்டுவதற்கென்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. கிளப் பனியனைக் கொளுத்திய ரசிகர் ஒருவர், அது சரியாக எரியவில்லை என்றும் புகார் சொன்னார்.

அடுத்த அழைப்பில் ஒரு பெண்மணி.

"நீங்களும் திட்டுங்கம்மா," என்றார் அறிவிப்பாளர்.

"நன்றி கெட்டவன். ஏறின ஏணியை எட்டி உதைச்சிட்டான்."

"சபாஷ்! எத்தனை வருஷமா ரசிகை?"

"அவன் பந்தை உதைக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து. அவன் போன ஊர்லயும் இது கேக்குமில்ல?"

"செல்போன்ல கேக்கும். ஆனா பெரிய இடத்துக்குப் போனவரு நம்மள எங்க கேக்கப் போறாரு?"

"கேப்பான். இங்க இருந்தப்பவே ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்க நிகழ்ச்சியில திட்டு வாங்கிட்டுத்தான் சாப்பிட உக்காருவான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சோறு போட்டவ நான்தானே."

அறிவிப்பாளர் பின்னணி இசையை நிறுத்தினார்.

"எல்லாரும் திட்டுறீங்கன்னு நம்பரை மாத்திட்டான் தம்பி. புது கிளப்புல கேட்டா, 'அம்மான்னு சொல்லி இன்னிக்கு வந்த நாப்பதாவது போன்'னு சிரிக்கிறாங்க."

அவள் குரல் தாழ்ந்தது.

"டேய், அம்மா நம்பர் மாறலடா."