சீமைப் படப்பெட்டி

"பெட்டி இன்னைக்கும் வரலியா, வீரய்யா?"

"வரலைங்க வாத்தியாரய்யா," என்றான் வண்டிக்கார வீரய்யா, மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே. "போன வாரம் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. இந்த வாரம் கேட்டா, கப்பலே இன்னும் வரலையாம். சீமைச் சாமான் பாருங்க, அது நெனச்சாத்தான் வரும்."

இராசையா வாத்தியார் விரலை மடக்கி நாளை எண்ணினார். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது ஒரே ஓர் அறை. அந்த அறையின் மேல் துரைக்கு வெகுநாளாக ஒரு கண். தேயிலைப் பெட்டி அடுக்கத் தோதான இடம் என்பார். இராசையா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "படமாகக் காட்டினால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், துரை" என்று சொல்லிவிட்டார்.

துரையும் லண்டனுக்கு எழுதி ஒரு படப்பெட்டிக்குச் சொல்லிவிட்டார். உள்ளே விளக்கை ஏற்றிக் கண்ணாடிப் படத்தைச் செருகினால், சுவரில் ஆள் உயரத்துக்குக் காட்டும் பெட்டி. "இன்ஸ்பெக்டர் பார்த்து மெச்சினால் இது பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் கிடங்கு," என்றும் சொல்லி வைத்தார். கிடங்கானால் இராசையா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளைகள் விடிந்ததும் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் கங்காணி முன்னால் வரிசையில் நின்று, கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியதுதான்.

பெட்டி வராத குறையை இராசையா ஒரு தோடம்பழத்தை வைத்துச் சமாளித்துவந்தார். பூமி உருண்டை, இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சீமை. தேம்ஸ் ஆறு, அதன் மேல் பாலம், ராஜாவின் அரண்மனை எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டியே விளக்கினார். முன்பெல்லாம் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இந்த ஒரு மாதமாக அவர்களுக்கு என்ன வந்ததோ, கேள்வி மேல் கேள்வி.

"அய்யா, சீமையில தொப்பி போட்டிருக்காங்களே, அது எப்படிங்க விழாம இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள் கீழ் லயத்து வரிசை வீட்டு மாரியாயி.

இராசையா பூரித்துப் போனார். அந்த வயதில் அவருக்கே தோன்றாத கேள்வி அது. பூமி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று அரை மணி நேரம் உற்சாகமாக விளக்கினார்.

வியாழக்கிழமை பின்னேரம் வண்டி மணி கேட்டது. வீரய்யா பெட்டியை இறக்கி வைத்தான். இராசையாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"புதுப் பெட்டியில ஏம்ப்பா இவ்வளவு கரி?"

"சீமையிலயே ஒரு தடவை கொளுத்திப் பாத்துட்டுத்தாங்க அனுப்புவாங்க," என்று சொல்லிவிட்டு வீரய்யா அவசரமாக மாட்டை ஓட்டினான்.

பெட்டியின் அடியில் மடிப்புக் கலையாமல் ஒரு தாள் இருந்தது. கண்ணாடியைத் தலைகீழாகச் செருகினால்தான் படம் சுவரில் நேராக விழும் என்று அதில் எழுதியிருந்தது. நல்லவேளை, இதைப் படித்தோம் என்று இராசையா நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, விளக்கை ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் வைரவநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் சிரிக்காதவர். நாற்காலியில் அமர்ந்து, "ம், நடக்கட்டும்," என்றார்.

முதல் படம் சுவரில் விழுந்தது. அறையில் ஒரு சலசலப்பு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே மாதிரி கழுத்தை ஒடித்துத் தலையைச் சாய்த்தார்கள்.

"இது என்ன?"

"தேம்ஸ் ஆறு, பாலம்," என்று பதில் வந்தது.

அடுத்தது ராஜாவின் அரண்மனை, அதற்கடுத்தது புகைக் கப்பல். கண்ணாடி சரியாக உட்காரும் முன்பே பதில் வந்தது. இராசையாவுக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை நாள் கையை ஆட்டியது வீண் போகவில்லை என்று கண் கலங்கியது.

"ஏன் எல்லாரும் தலையைச் சரிச்சுக்கொண்டு இருக்கினம்?" என்று இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார்.

"பெரியவங்களுக்கு மரியாதைங்க," என்று இராசையா வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார்.

படங்கள் முடிந்தன. கம்பளிகளை விலக்கியதும் வெளிச்சம் வந்தது. இன்ஸ்பெக்டரின் முகத்திலும் சிரிப்பு வந்திருந்தது.

"வாத்தியார், நேற்று வந்த பெட்டி எண்டு சொல்லுறீர். பிள்ளையள் இவ்வளவு கெதியாய்ப் பிடிச்சிட்டுதுகள். இந்த அறையில தேயிலைப் பெட்டி அடுக்கிறதோ? துரையிட்ட நானே பேசுறன். பள்ளிக்கூடம் இஞ்சதான் இருக்கும்."

இராசையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்துகொண்டே பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஆருக்காவது ஏதும் கேட்க வேணுமோ?"

மாரியாயி எழுந்து கைகட்டி நின்றாள். வாத்தியாரைக் காட்டிக்கொடுக்கிறோமே என்ற சங்கடம் அவள் முகத்தில் தெரிந்தது.

"வாத்தியாரய்யா எல்லாப் படத்தையும் தலைகீழாப் போட்டுட்டாருங்க. சீமை பூமிக்கு அந்தப் பக்கம் இருக்குன்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. வீரய்யா மாமா ஒரு மாசமா எங்க லயத்துல இதையே போட்டுக் காட்டுறப்ப, எல்லாரும் காலு மேல, தலை கீழன்னு ஒழுங்காத்தாங்க நின்னாங்க."